நாலு மணிப் பசி

அடுத்தவர் பசியைத் தாங்க ஒரு கருவி வந்திருக்கிறது என்று ‘நிறைவு’ நிறுவனம் விளம்பரம் செய்தபோது ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பிள்ளைக்காகத் தாய் சஷ்டி இருப்பதும், புருஷனுக்காகப் பெண்டாட்டி வெறும் வயிற்றோடு கோயிலைச் சுற்றி வருவதும் பழகிப்போன ஊர் அது. ஒரு வயிறு காய்ந்தால் இன்னொரு உயிருக்கு நல்லது நடக்கும் என்று நம்பியவர்கள்தான் எல்லோரும். அதற்கு ஒரு மெஷின் வந்துவிட்டது என்பதுதான் புதுச் செய்தி.

தவமணியிடம் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவன் அவள் கணவன் கதிரேசன். பவானியில் ஜிம் வைத்திருந்தான். மண்டல ஆணழகன் போட்டியில் மூன்று முறை மேடையேறி, மூன்று முறையும் இரண்டாம் பரிசோடு இறங்கியவன். அந்த மூன்று கோப்பைகளும் ஜிம் அலமாரியில் இருந்தன. ‘இரண்டாம்’ என்ற எழுத்து கண்ணில் படாதபடி சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

“பட்டினி கிடக்கப் போறதில்லை அம்மிணி,” என்றான். “வேளாவேளைக்குத் திங்கத்தான் போறேன். அளவாத் திங்கோணும், அவ்வளவுதான். திங்கறதுக்கும் பசிக்கும் நடுவால ஒரு மிச்சம் இருக்குது பாரு, அதுதான் ஆளைக் கொல்லுது. போன வருஷம் கடைசிப் பத்து நாள்ல அது தாங்காமத்தான் ராத்திரி எந்திரிச்சு பழைய சோத்தைத் தின்னு தொலைச்சேன்.”

“அந்த மிச்சம் எனக்கு வந்துட்டா உங்களுக்குப் பசிக்கவே பசிக்காதுங்களா?”

“ஒரு துளி கூட.”

“அப்ப வரட்டும்.”

“தொண்ணூறே நாள்.”

“தொண்ணூறு நாளென்ன, ஒரு மண்டலத்துக்கு ரெண்டு மண்டலம். இருந்துட்டாப் போச்சு,” என்று சிரித்தாள் தவமணி.

ஈரோட்டில் இருந்த நிறைவு அலுவலகத்துக்கு இருவரும் தை மாதத்தில் ஒருநாள் போனார்கள். அங்கிருந்த பெண் மிளகு அளவுள்ள ஒரு குண்டைக் காட்டினாள். அதைப் பிடரித் தோலுக்கு அடியில் வைப்பார்களாம். எறும்பு கடித்தது போல இருக்குமாம்.

“பசிங்கறது வேற ஒண்ணுமில்லைக்கா. வயிறு மூளைக்குப் போடற போன். அந்த போனை நாங்க வேற வீட்டுக்குத் திருப்பி விடறோம். அங்க அடிக்காது, இங்க அடிக்கும். நீங்கதான் தாங்குநர்.”

“இங்க நான் எடுத்துப் பேசினா நின்னுருமா?”

“நீங்க சாப்பிட்டா அவர் வயிறு எப்படி நிறையும்? அவர் சாப்பிட்டாத்தான் நிக்கும். உங்க சொந்தப் பசி உங்களுக்குத் தனியா இருக்கும். அது சாப்பிட்டா அடங்கும்.”

“ரெண்டையும் எப்படிப் பிரிச்சுக் கண்டுபிடிக்கறது?”

“பழகிடும்க்கா. ஒருத்தர் நாலு பேர் பசி வரைக்கும் தாங்கறாங்க. அதுக்கு மேல கம்பெனி விடாது.”

“ஆத்தாடி, எனக்கு இந்த ஒருத்தரே போதும்.”

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டாள். “உங்க மொபைல் நம்பர் சொல்லுங்க. ஆளைச் சேர்க்கவோ நிறுத்தவோ உங்க நம்பருக்குத்தான் ஓடிபி வரும்.”

தவமணி கணவனைப் பார்த்தாள். கதிரேசன் தன் எண்ணை மடமடவென்று ஒப்பித்தான். அதில் இருவருக்குமே எந்த விகற்பமும் தெரியவில்லை. கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, அவளுடைய ஆதார் எல்லாவற்றிலும் அந்த எண்தான் இருந்தது. அவளுக்கென்று ஒரு போன் இருந்தது உண்மை. அதன் எண் அவளுக்கே மனப்பாடம் இல்லை.

அன்று மாலையே அவன் பசி வந்து அவள் வயிற்றில் உட்கார்ந்தது.

முதல் சில வாரங்கள் அவளுக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று அவள் கண்டதில்லை. இப்போது அவன் வயிற்றுக்குள் ஓடுவதாவது தெரிந்தது. காலை ஆறரைக்கு மெதுவாக ஒரு கிள்ளல். மாலை ஏழு மணிக்கு ஜிம்மில் அவன் இரும்பு தூக்கும்போது, இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டில் இவள் வயிறு குபீரென்று எரியும்.

“இன்னைக்குக் கால் பயிற்சிங்களா?” என்பாள் அவன் வந்ததும்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“வயிறு சொல்லுச்சு.”

அவன் உண்மையிலேயே வெட்கப்பட்டான். அந்த வெட்கத்துக்காகவே இன்னும் நாலு பங்கு பசியைத் தாங்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் கை சும்மா இருக்குமா? தினமும் இருபது முட்டை அவித்து வெள்ளைக்கருவை அவனுக்குப் பிரித்து வைத்தால், மஞ்சள் கரு இருபதும் கிண்ணத்தில் கிடந்து அவளைப் பார்த்தன. வயிறு காந்தும்போது அது யாருடைய காந்தல் என்று நின்று யோசிக்க முடியாது. ஒன்றை எடுத்து வாயில் போடுவாள். அடங்காது. இன்னொன்று. மத்தியானச் சோற்றை இரண்டு தரம் தின்பாள். தின்றது அவள் உடம்பில் சேர்ந்தது. பசி மட்டும் அங்கேயே நின்றது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவளாவது குடம் ஓட்டை என்று கண்டு நிறுத்துவாள். வயிற்றை அப்படிக் கண்டுகொள்ள முடியவில்லை.

மாசி கழியும்போது புதிதாக ஒன்று ஆரம்பித்தது. சரியாக நாலு மணிக்கு, மணி அடித்தாற்போல ஒரு பசி. மற்றப் பசியைப் போல எரியாது. துள்ளும். இனிப்பாக ஏதாவது வேண்டும் என்று நாக்கைப் பிடித்து இழுக்கும்.

“ஏனுங்க, நாலு மணியானா உங்களுக்கு இனிப்புத் திங்கோணும்னு இருக்குதா?”

கதிரேசன் புரோட்டீன் பவுடரைக் கலக்கிக்கொண்டிருந்தான். கரண்டி ஒரு கணம் நின்றது. “ஆமா ஆமா. சின்ன வயசுப் பழக்கம்.”

“பாவமே,” என்றாள் தவமணி. அவன் பையனாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வந்து என்ன கேட்டு அழுதிருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த நாலு மணிப் பசியை மற்றதையெல்லாம் விடப் பிரியமாகத் தாங்கினாள்.

தொண்ணூறு நாள் முடிந்தது. போட்டி தள்ளிப்போய்விட்டது என்றான். ஆடி மாதம் என்றான். அதற்குள் ஐம்பத்து மூன்று கிலோ இருந்தவள் எழுபத்தொன்றைத் தொட்டிருந்தாள்.

ஜிம்மில் இது பேச்சாயிற்று. ஒருநாள் அவனுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனபோது, கண்ணாடி முன் நின்ற பிரகதீஸ்வரன் என்பவன் அவள் காதில் விழட்டும் என்றே சொன்னான். “மாஸ்டர் கடைச் சரக்கு நல்ல சரக்குத்தான். வீட்டுக்கு மட்டும் டெலிவரி ஆகலை போல.”

டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த சுந்தரவல்லி அம்மாள் அவளைக் கூப்பிட்டாள். ஊரில் பெரிய ஜவுளிக்கடைக்காரரின் மனைவி. நாலே மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள்.

“தவமணி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதே கண்ணு. பொம்பளைக்கு வாய்க்கட்டு வேணும். என்னைப் பாரு. பசியே எடுக்கறதில்லை. ரெண்டு இட்லியோட எழுந்துக்கறேன்.”

“நிறைவு வெச்சிருக்கீங்களாக்கா?”

“உன் வீட்டுக்காரர்தான் ஏற்பாடு பண்ணினார். எவளோ ஒருத்தி தாங்கறாளாம். பேரெல்லாம் சொல்ல மாட்டாங்களாம். நமக்கெதுக்கு அது?” மூச்சு வாங்கிக்கொண்டே மூலையைக் காட்டினாள். “எங்க யாழினியும் பாரு, எப்படிக் குறைஞ்சுட்டா. வர்ற தை மாசம் அரங்கேற்றம். மேடையில பந்து மாதிரி உருண்டா நல்லாவா இருக்கும்?”

மூலையில் அவளுடைய பத்து வயது மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு இரண்டும் சட்டைக்கு மேல் துருத்தியிருந்தன. பக்கத்தில் திறந்து வைத்த டப்பாவில் சப்பாத்தி அப்படியே காய்ந்து கிடந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் கதிரேசன் ஒரு தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினான். காலையில் ஓட்ஸ் முப்பது கிராம். மத்தியானம் ஒரு கிண்ணம் கொள்ளு. இரவு வெள்ளரிக்காய்.

“யாருக்குங்க இது?”

“உனக்குத்தான். என்னைப் பார்த்து நாலு பேர் சேர வேண்டிய இடத்துல உன்னைப் பார்த்துட்டு நாலு பேர் திரும்பிப் போறாங்க.”

“உங்க பசியைத் தாங்கித்தானுங்க நான் இப்படி ஆனேன்.”

“தாங்கச் சொன்னேன், திங்கவா சொன்னேன்?”

மறுநாள் முதல் முட்டையின் மஞ்சள் கருவை அவனே எண்ணிப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டான். தராசில் அவள் ஓட்ஸை அவனே நிறுத்தான். காலை முதல் படுக்கும் வரை வயிற்றுக்குள் ஒரு சந்தையே கூடி இரைந்தது. அதில் எது அவளுடைய குரல் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்தொன்பது வருடம் கூடவே இருந்த பசி, எந்தக் கூட்டத்தில் போய் நின்றுகொண்டதோ!

ஒரு செவ்வாய்க்கிழமை, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

“நிறுத்திடுங்க கண்ணு,” என்றாள் நிறைவு அலுவலகத்துப் பெண்ணிடம். “எனக்கு என்ற சொந்தப் பசி மட்டும் போதும்.”

“நிறுத்திடலாம்க்கா. அஞ்சு நிமிஷ வேலை.” பெண் தட்டினாள். “ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.”

“எனக்கு ஒண்ணும் வரலையே.”

பெண் திரையைப் பார்த்தாள். “இதுல இருக்கறது உங்க வீட்டுக்காரர் நம்பராக்கா?”

“ஆமா. என்ற நம்பரைப் போட்டுக்குங்க.”

“மாத்தறதுக்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகும்.”

“இது என்ற வயிறு கண்ணு.”

“தெரியுதுக்கா,” என்றாள் பெண் தணிந்த குரலில். அவள் தன் பிடரியைத் தடவிக்கொண்டதைத் தவமணி கவனித்தாள். “தெரிஞ்சு என்ன பண்ண? நம்பர்தான் ஆளு.”

அதற்குள் தவமணியின் பையில் போன் அடித்தது. கதிரேசன்.

“எந்தக் கோயில்ல இருக்கே அம்மிணி? எனக்கு நிறைவுல இருந்து ஓடிபி வந்துருக்குது.”

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு மூச்சு அழுது தீர்த்திருப்பாள். அன்று மாலை பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தன்மையாகவே பேசினான்.

“உனக்குத் தாங்க முடியலைன்னு எனக்குப் புரியாம இல்லை. அதுக்கு ஒரு வழி பண்ணியிருக்கேன். உன் பசியைத் தாங்க ஒரு ஆளைப் போட்டுட்டா? உன் சொந்தப் பசி போயிரும். அப்புறம் என்னோடது மட்டும்தானே? நீ தானா இளைச்சுருவே.”

“எந்த ஆளு?”

“பரிமளாகிட்டப் பேசிட்டேன். அக்காவுக்குன்னா ஒரு நிமிஷம் யோசிக்கலை அவ. போட்டி முடிஞ்ச மறுநாள் திங்கக்கிழமை, பத்து மணிக்கு.”

பரிமளா அவள் தங்கை. பத்தொன்பது வயது. நர்சிங் படிக்கிறாள். தவமணி அப்போதே தங்கையை அழைத்தாள்.

“வேண்டாம்டி. நீ தலையாட்டாதே.”

“போக்கா, நீ எனக்காக எத்தனை செஞ்சிருக்கே. பசிதானே? ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பசிச்சாலும் ஒண்ணு பசிக்காட்டியும் ஒண்ணு.”

“இது அந்த மாதிரிப் பசி இல்லை. இதுக்குள்ள போனா வெளிய வர வழி தெரியாது.”

“மாமா நம்பரைத்தான் கொடுத்திருக்கேன். எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்னு மாமா சொன்னாரு.”

தவமணி போனைக் காதிலிருந்து எடுத்தாள். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. தங்கை எந்த நம்பிக்கையோடு தலையைக் கொடுத்தாளோ அதே நம்பிக்கையோடுதான் அவளும் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் கதிரேசனின் போன் அவன் இடுப்பை விட்டு இறங்கவில்லை. உறங்கும்போதும் தலையணைக்கு அடியில், அவன் பெருவிரலுக்கு மட்டும் திறக்கும் பூட்டோடு.

போட்டி ஞாயிற்றுக்கிழமை, சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமகன் அறை என்று எழுதியிருந்த அறையில் இருபது பேர் உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு, வெல்லத்தைக் கடித்தபடி தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றரை மணிக்கு மேடைக்குப் போகும் வாசலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒருவர் சின்னக் கருவி ஒன்றை ஒவ்வொருவன் பிடரியிலும் காட்டிக்கொண்டே வந்தார்.

“இது எதுக்குங்கண்ணா?” என்று தவமணி பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள்.

“பசியை வெளிய தள்ளிட்டு வர்றவனுக்கு மேடை கிடையாதும்மா. இந்த வருஷம் புதுச் சட்டம். பங்குனியிலேயே எல்லா ஜிம்முக்கும் நோட்டீஸ் வந்துருச்சே.”

தவமணிக்கு உயிரே போயிற்று. கருவி கதிரேசனை நெருங்கியது. மாட்டிக்கொண்டான் என்று கண்ணை மூடிக்கொண்டாள். கருவி பச்சையாக மினுக்கியது.

“சுத்தம். அடுத்தது.”

அவள் கண்ணைத் திறந்தபோது அவன் இவளை நோக்கி வந்துகொண்டிருந்தான். முகத்தில் ஒரு கேள்வியும் இல்லை. சாயம் பூசாத உள்ளங்கையால் போனைத் திறந்து, கேமராவை எடுத்து, அவளிடம் நீட்டினான்.

“முழுசா எடு. கை ஆடாமப் பிடி. நடுவுல நிறுத்திராதே.”

மேடையில் விளக்கு எரிந்தது. பாட்டு அலறியது. தவமணி போனை உயர்த்திப் பிடித்தாள். கதிரேசன் இரண்டு கையையும் மடக்கிக் காட்டினான். சிறு திரையில் அவன் உடம்பு செதுக்கினாற்போல நின்றது. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, உதடு காய்ந்து நின்றான். பசித்த முகம் அது. சந்தேகமே இல்லை. பசித்தவனின் முகம்.

அப்போது திரையின் மேலிருந்து ஒரு செய்தி இறங்கியது. நிறைவு. ‘பரிமளா, புதிய தாங்குநர். நாளை காலை பத்து மணி. பார்க்க இங்கே தொடவும்.’

தொட்டாள்.

தங்கையின் பெயருக்குக் கீழே அவள் பெயர் இருந்தது. ‘தவமணி, தாங்குநர்.’ அதைத் தொட்டதும் ஒரு பட்டியல் விரிந்தது.

கதிரேசன், வயது 34. பங்குனி எட்டாம் தேதி திரும்பப் பெறப்பட்டது.

பிரகதீஸ்வரன், வயது 38. நடப்பில்.

சுந்தரவல்லி, வயது 46. நடப்பில்.

யாழினி, வயது 10. நடப்பில்.

இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறையும் படித்தாள். நாலு மாதமாக அவன் பசி அவளிடம் இல்லை. அவன் என்று நினைத்து அவள் வயிற்றைத் தடவிக் கொடுத்ததெல்லாம் யாரையோ.

மண்டபத்துக் கடிகாரம் நாலு மணி காட்டியது. சொல்லிவைத்தது போல அது வந்தது. துள்ளிக்கொண்டு, நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இனிப்பாக ஏதாவது கொடு என்று கேட்டுக்கொண்டு வந்தது. மேடையில் கதிரேசன் முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். இவள் வயிற்றில் ஒரு சின்னப் பெண் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து நின்றாள்.

தவமணி முதலில் பரிமளாவின் பதிவை ரத்து செய்து, அதற்கு வந்த ஓடிபியை அடித்தாள். பிறகு தன் பெயரின் கீழ் ‘எண்ணை மாற்ற’ என்ற இடத்தைத் தொட்டாள். ஈரோட்டிலிருந்து திரும்பிய பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்த தன் எண்ணை அடித்தாள். ஓடிபி கதிரேசனின் போனுக்கு வந்தது. அவள் கையிலேயே இருந்தது போன். ஆறு இலக்கம். அடித்தாள். அடுத்த ஓடிபி அவள் பைக்குள் சிணுங்கியது. அதையும் அடித்தாள்.

‘தவமணி, உங்கள் எண் மாற்றப்பட்டது’ என்றது திரை. அவள் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டது போலிருந்தது.

மேடையில் நடுவர்கள் ஐந்து பேரை முன்னால் அழைத்தார்கள். கதிரேசன் அதில் ஒருவன். கூட்டம் விசிலடித்தது. அவன் சிரித்துக்கொண்டே போன் இருக்கும் திசையைத் தேடினான். தவமணி யாழினியின் பெயரைத் தொட்டு, ‘திருப்பி அனுப்ப’ என்பதை அழுத்தி, தன் போனுக்கு வந்த ஓடிபியை அடித்தாள்.

துள்ளிய பசி, மின்விசிறியை நிறுத்தியது போல மெல்லச் சுற்றி நின்றது. வயிற்றில் அந்த இடம் சட்டென்று அமைதியானது. வேண்டிப் பெற்ற அமைதிதான். ஆனாலும் ஐந்து மாதம் கூட இருந்ததை அனுப்பிவைத்த வீடு போல ஒரு வெறுமை.

ஐந்து நிமிடம் இருக்கும். கதிரேசனின் போன் அதிர்ந்தது. சுந்தரவல்லி அம்மாள்.

“மாஸ்டர்! பாப்பா வயித்தைப் பிடிச்சுட்டு அழுகறா மாஸ்டர். பசிக்குது பசிக்குதுங்கறா. மாசக்கணக்காக் கேட்காத பொண்ணு, சர்க்கரை டப்பாவைத் திறந்து கையை விட்டு அள்ளறா. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை.”

“நான் அவர் வீட்டுக்காரிங்க,” என்றாள் தவமணி. “தவமணி.”

“தவமணியா? அவரைக் கொஞ்சம் கூப்பிடு கண்ணு. இப்ப நான் பாப்பாவுக்கு என்ன பண்றது?”

“சோறு போடுங்கக்கா.”

மறுமுனையில் பாத்திரம் ஒன்று உருளும் ஓசையும், குழந்தை எதையோ வாய் நிறைய மென்றுகொண்டே அழும் குரலும் கேட்டன.

“எத்தனை கிராம்?” என்றாள் சுந்தரவல்லி.

“போதும்ங்கற வரைக்கும்.”

சொல்லிவிட்டுத் தவமணி போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். பையிலிருந்த தன் போனை எடுத்து, எண் மாறியதும் அதற்கு வந்திருந்த பட்டியலில் யாழினிக்கு மேலிருந்த பெயரைத் தேடிப் பிடித்து, அதன் மேல் விரலை வைத்தாள்.

“அப்படியே உங்களுக்கும் ஒரு தட்டு வெச்சுக்குங்கக்கா,” என்றாள்.